சிவப்பு ஒயினின் துவர்ப்பும் தேர்வும்: வாசகர் கேள்வி, நம் பதில்

கேள்வி: பிரான்ஸில் குடியேறிய எங்கள் உறவினர்கள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இரவுச் சாப்பாட்டில் மீன் குழம்போடு சிவப்பு ஒயினும் ஊற்றித் தருகிறார்கள். அவர்கள் ரசித்துக் குடிப்பது எனக்கு வாயை இழுக்கும் துவர்ப்பாகவும் தொண்டை எரிச்சலாகவும்தான் இருக்கிறது. இதை ரசிக்கப் பழக முடியுமா? கடையில் எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், காரைக்கால்

பதில்: நிச்சயமாகப் பழக முடியும். ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளும் ஒன்றல்ல. துவர்ப்பு சிவப்பு ஒயினின் இயல்பு. எரிச்சலோ பெரும்பாலும் பரிமாறும் விதத்தால் வருவது.

கருந்திராட்சையிலும் பெரும்பாலான ரகங்களின் சாறு நிறமற்றதே. அதைத் தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்க விடுவதால்தான் நிறம் ஏறுகிறது. டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் அவற்றிலிருந்தே இறங்குகிறது. அது உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு சேர்ந்து அதன் வழுவழுப்பைக் குறைத்துவிடுவதால் நாக்கும் ஈறும் உலர்ந்தது போலாகின்றன. கும்பகோணம் வெற்றிலையில் பாக்கு வைத்து மென்று பழகிய நமக்கு இந்த உணர்வு புதியதல்ல. பாக்கின் துவர்ப்புக்கும் டானின்தான் காரணம், அதை நாம் குறையாக நினைப்பதும் இல்லை.

எரிச்சலுக்கு முதல் காரணம் வெப்பம். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்பது குளிர்நாட்டு வீடுகளை வைத்துச் சொன்ன பேச்சு. அது 16 முதல் 18 டிகிரி செல்சியஸைக் குறிக்கும். சித்திரை மாதத்தில் காரைக்கால் வீட்டுக் கூடத்து மேசையில் இருக்கும் பாட்டில் 30 டிகிரியைத் தாண்டியிருக்கும், அந்தச் சூட்டில் ஒயினிலுள்ள 13, 14 சதவீத ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கில் ஏறிப் பழத்தின் மணத்தை மூடிவிடும். ஐஸ் போட்ட தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் பாட்டிலை நிறுத்திவைத்துவிட்டு ஊற்றிப் பாருங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதித் தொல்லை தீரும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது காரணம் அந்த மீன் குழம்பு. மிளகாயின் காரத்தை ஆல்கஹால் இன்னும் தூண்டிவிடும். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து மீனோடு சேரும்போது கவிச்சியும் உலோகச் சுவையும் வாயில் தங்கும். மீன் சமைத்த இரவில் சிவப்பு ஒயினைத் தொடவே வேண்டாம். காரம் குறைத்துச் சுக்காவாக வறுத்த ஆட்டுக்கறியோடு குடித்துப் பாருங்கள். கறியின் புரதமும் கொழுப்பும் டானினைத் தாங்கிக்கொள்வதால் அதே ஒயின் மென்மையாகத் தெரியும்.

சுவை பழக ஒரே பாட்டிலோடு மல்லுக்கட்டுவதைவிட, ஒரே நாட்டின், ஏறத்தாழ ஒரே விலையுள்ள இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பன்மடங்கு பயன் தரும். உறவினர்கள் கூடியிருக்கும்போது மெர்லோ, கேபர்னே சாவின்யோன் என்னும் திராட்சை ரகங்களின் ஒயினில் ஒவ்வொன்று திறக்கச் சொல்லி, எது எந்தக் கிளாஸில் இருக்கிறது என்று தெரியாமல் இரண்டிரண்டு மிடறு மட்டும் சுவையுங்கள். முதலில் முகர்ந்து, பிறகு சில நொடிகள் வாயில் வைத்திருந்து, துவர்ப்பு நாக்கில் படிகிறதா ஈறில் படிகிறதா, விழுங்கிய பின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். லேபிளை மறைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்ஸின் போர்தோ நகரில் ஒயின் தயாரிப்பு படித்த 54 மாணவர்களுக்கு நிறமி கலந்து சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு ஒயினுக்கே உரிய சொற்களால் அதை வருணித்தார்கள். பயின்றவர்களின் நாக்கையே கண் இப்படி இழுத்துச் செல்லும் என்றால், விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுக் குடிக்கும் நாம் எம்மாத்திரம்?

வாங்கும்போது துவர்ப்பு குறைந்த ரகங்களில் தொடங்குங்கள். பினோ நுவார், கமே ஆகிய இரண்டும் லேசானவை, மெர்லோ நடுத்தரமானது, கேபர்னே சாவின்யோனும் ஷிராஸும் கனமானவை. பிரெஞ்சு லேபிள்களில் பல நேரம் திராட்சையின் பெயர் இருக்காது, ஊர்ப் பெயர்தான் இருக்கும்: பர்கண்டி சிவப்பு என்றால் பெரும்பாலும் பினோ நுவார், பொஜொலே என்றால் கமே, சாந்த் எமிலியோன் என்றால் மெர்லோ மிகுந்த கலவை. நாசிக்கிலும் பெங்களூரு அருகே நந்தி மலைப் பகுதியிலும் நல்ல ஷிராஸ், கேபர்னே ஒயின்கள் தயாராகின்றன. தொலைதூரம் வராத அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை.

ரகத்தைவிடவும் நம் பகுதியில் முக்கியமானது, பாட்டில் கடையில் எப்படி இருந்தது என்பது. வெயில் படும் கண்ணாடி அலமாரியில் ஒரு கோடையைக் கழித்த ஒயின் எந்தப் பெயருடையதானாலும் கெட்டிருக்கும். கழுத்தை விரலால் தடவிப் பாருங்கள்: உறைக்கடியில் தக்கை மேலே துருத்தியிருந்தாலோ, பிசுபிசுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தாலோ, ஒயின் சூட்டில் விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது என்று பொருள். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இதயத்துக்கு நல்லது என்கிறார்களே, தினம் ஒரு கிளாஸ் குடிக்கத் தொடங்கலாமா? காரைக்காலில் விலை குறைவு என்பதால் அங்கிருந்து வாங்கி வரலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: இரண்டும் வேண்டாம். எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மருந்தாக எண்ணி ஒயினைத் தொட வேண்டியதில்லை. காரைக்கால் அடங்கிய புதுச்சேரி யூனியன் பிரதேசத்து மதுவை அனுமதியின்றித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம்.

கேள்வி: மகன் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்பு ஒயின் பீரோவில் இருக்கிறது. நாளாக நாளாக ருசி கூடுமாமே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: டானினும் புளிப்பும் நிறைந்த, அதற்கென்றே செய்த சில ஒயின்கள்தாம் அப்படி மேம்படும், அவையும் இருட்டில், 12, 13 டிகிரிக் குளிர்ச்சியில் படுக்கவைத்திருந்தால் மட்டுமே. மற்றவை சில ஆண்டுகளுக்குள் குடித்து முடிக்க வேண்டியவை. பன்னிரண்டு கோடைகளை இரும்பு பீரோவுக்குள் கழித்த பாட்டில் தேறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் இனியும் காத்திராமல் திறந்து பாருங்கள். கிளாஸை வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்துப் பிடிக்கும்போது முழுக்கப் பழுப்பாகத் தெரிந்து, காடி வாடையோ காய்ச்சிய ஜாமின் வாடையோ அடித்தால் கொட்டிவிடலாம். நல்ல மணம் மிஞ்சியிருந்தால் அன்றிரவே முடித்துவிட வேண்டும், மறுநாளுக்குத் தாங்காது. அடியில் கருத்த வண்டல் இருந்தால் பயப்பட வேண்டாம். வயதான ஒயினில் அது இயல்பு. திறப்பதற்கு ஒரு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, மெதுவாக ஊற்றி, வண்டல் கழுத்தை எட்டும்போது நிறுத்திவிடுங்கள்.