பழ ஈயின் நினைவு: அந்தப் பதினைந்து நிமிட ஓய்வில் என்ன நடக்கிறது?

கேள்வி: மேடம், வாழைப்பழத்தில் மொய்க்கிற குட்டி ஈக்கு நினைவு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

பதில்: சுமார் 100 ஈக்களை ஒரு குழாயில் விடுவோம். ஒரு நிமிடம் ஒரு வாசனை, கூடவே 12 முறை லேசான மின் அதிர்ச்சி. அடுத்து வேறொரு வாசனை, அதற்கு அதிர்ச்சி கிடையாது. பிறகு இரண்டு வாசனைகளும் எதிரெதிரே வரும் இடத்தில் ஈக்களை விட்டு, எந்தப் பக்கம் போகின்றன என்று பார்ப்போம். மங்கலான சிவப்பு வெளிச்சத்தில்தான் செய்வோம், சிவப்பு நிறம் ஈயின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. முடிந்ததும் விளக்கைப் போட்டு எண்ண வேண்டும். அடி வாங்கிய வாசனையின் பக்கம் ஏறக்குறைய காலியாகக் கிடந்ததை முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

கேள்வி: எத்தனை நாள் ஞாபகம் இருக்கும்?

பதில்: பழக்குகிற விதத்தைப் பொறுத்தது. 1994இல் டிம் டல்லி குழுவினர் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். பத்து முறை இடைவிடாமல் பழக்கினால் நாலு நாளுக்குள் நினைவு போய்விடும். அதே பத்து முறை, நடுநடுவே 15 நிமிடம் ஓய்வு கொடுத்தால் ஏழு நாள் கழித்தும் இருக்கும். மொத்தமே இரண்டு மாதம் போல வாழும் உயிருக்கு ஏழு நாள்! புதுப் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால், ஓய்வு விட்டுப் பழகிய ஈக்களின் நினைவுதான் அடிவாங்குகிறது. மற்றதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, இரண்டும் வேறு வேறு சரக்கு.

கேள்வி: மூலக்கூறு அளவில் கொஞ்சம் சொல்லுங்கள் அக்கா.

பதில்: ஈயின் மூளையில் 'காளான் உடல்' என்ற பகுதி உண்டு, பக்கத்துக்கு 2,000 செல்கள். வாசனைச் செய்தியும், அதிர்ச்சியைச் சொல்லும் டோபமைன் என்ற வேதிப்பொருளும் ஒரே செல்லில் ஒரே சமயம் வந்து சேர்ந்தால் 'ருட்டபாகா' என்ற நொதி விழித்துக்கொண்டு, செல்லுக்குள் செய்தி கொண்டுபோகும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறை உண்டாக்கும். அதைச் சிதைப்பது 'டன்ஸ்' நொதி. 1976இல் மரபியல் ஆய்வாளர் சீமோர் பென்சரின் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த, கற்க முடியாத ஈயின் பெயர் அது. சைக்ளிக் ஏஎம்பி கூடினால் பிகேஏ என்ற நொதி வேலை செய்யும். இதுவரை குறுகிய கால நினைவு. செய்தி செல்லின் உட்கருவுக்குப் போய், கிரெப் என்ற புரதம் மரபணுக்களைத் திறந்துவிட்டால்தான் நீண்ட கால நினைவு.

கேள்வி: கிரெப்பைக் கூட்டினால் ஒரே தடவையில் மனப்பாடம் ஆகும் என்று படித்தேனே?

பதில்: 1995இல் அப்படி ஒரு முடிவு வெளியாகிப் பெரும் பேச்சானது. 2004இல் திரும்பச் சோதித்தபோது, செலுத்திய மரபணுவிலேயே பிழை இருந்தது தெரிந்தது. கிரெப்பைத் தடுத்தால் நீண்ட கால நினைவு கெடுகிறது என்பது மட்டும் அந்த மறுசோதனையிலும் நின்றது. பழைய செய்தியை யாராவது பகிர்ந்தால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓய்வு எதற்கு? களைப்பாறவா?

பதில்: இல்லை. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் மேப்கைனேஸ் என்ற நொதியின் வேலை அலைபோல எழுந்து அடங்குகிறது. அலை முழுதாக எழ நேரம் வேண்டும். நடுவில் அடுத்த பயிற்சி வந்தால் அலை எழுவதே இல்லை. 2009இல் வந்த ஆய்வு இது. மனிதர்களுக்கு வரும் நூனன் நோய் என்ற மரபணுக் கோளாறுக்குக் காரணமான மாற்றத்தை ஈக்குள் வைத்தபோது நீண்ட கால நினைவு கெட்டது. ஓய்வு நேரத்தை நீட்டியதும் திரும்பி வந்தது! எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த முடிவு இதுதான்.

கேள்வி: புரதங்கள் சில நாளில் அழிந்துவிடுமே, நினைவு மட்டும் எப்படி நிற்கிறது?

பதில்: ஆர்ப்2 என்ற புரதம் ஒன்றோடொன்று ஒட்டி, அமிலாய்ட் என்ற கெட்டியான புரத இழையாக மாறுகிறது. அந்த இழை நரம்பு இணைப்பில் புரதத் தயாரிப்பைத் தூண்டுகிறது. அமிலாய்ட் என்றாலே அல்சைமர் என்று பயப்படுகிறோம், இங்கே அது நினைவைத் தாங்குகிற தூண். 2020இல் கௌசிக் சி குழுவினர் ஈத் தலைகளிலிருந்தே பிரித்தெடுத்து அதன் வடிவத்தைப் பார்த்தார்கள்.

கேள்வி: பசியோடிருக்கும் ஈயும் இப்படிக் கற்குமா?

பதில்: அதிர்ச்சி தொடர்பான நீண்ட கால நினைவை அது உருவாக்காது. புதுப் புரதம் செய்யச் செலவு அதிகம், மூளை அந்த வேலையையே நிறுத்திவைக்கிறது. பாரிஸில் பிளாசே, ப்ரேயா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2013இல் அந்தத் தடையை நீக்கிப் பார்த்தார்கள். பட்டினி கிடந்த ஈக்கள் நினைவில் வைத்துக்கொண்டன, ஆனால் சீக்கிரம் செத்தன.