மணிக்குச் சர்க்கரை: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

வளர்ப்புப் பிராணிகள் கேள்வி–பதில்
பதில் அளிப்பவர்: ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்

கேள்வி: எங்கள் வீட்டில் மணி என்ற ஆண் பூனை ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறான். கருத்தடை செய்யப்பட்டவன். உலர் தீவனம், தயிர்சோறு, எப்போதாவது மீன் என்று வளர்ந்தவன். ஆறரைக் கிலோ இருந்தவன் மூன்று மாதங்களில் ஐந்து கிலோவுக்கு இறங்கிவிட்டான். தட்டு நிறையத் தின்றுவிட்டுக் குளியலறை வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்கிறான். அவன் சிறுநீர் கழிக்கும் மணல் தட்டில் எறும்பு மொய்த்ததைக் கண்ட பிறகுதான் மருத்துவரிடம் கொண்டுசென்றேன். சர்க்கரை நோய் என்றும், வாழ்நாள் முழுவதும் நாளுக்கு இரண்டு முறை இன்சுலின் போட வேண்டும் என்றும், இந்நோய்க்கென்று விற்கும் டப்பா உணவைத்தான் தர வேண்டும் என்றும் சொன்னார். கணவர் காலமான பின் வரும் குடும்ப ஓய்வூதியமே என் வருமானம். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். மீன் சந்தையில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள் பக்கத்து வீட்டார். காப்பகம் எதிலாவது சேர்க்கலாமா என்று நான் யோசிக்கிறேன். என்ன செய்வது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, மீன் சந்தை யோசனையை முதலிலேயே தள்ளிவிடுங்கள். இன்சுலின் தேவைப்படும் பூனைக்குச் சந்தையில் எத்தனை மீன் கிடைத்தாலும் அது உடம்பில் ஒட்டாது. தின்றதைப் பயன்படுத்த முடியாத உடல் தன் கொழுப்பையே கரைக்கத் தொடங்கும். அதனால் இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் சேர்ந்து, வாந்தியும் சோர்வுமாகப் பூனை எங்காவது ஒரு படிக்கட்டின் கீழ் ஒடுங்கி இறந்துபோகும். பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும். முதல் முறைக்கு அச்சட்டம் எழுதி வைத்துள்ள அபராதம் 10 முதல் 50 ரூபாய். அந்தத் தொகைக்கு அஞ்சி யாரும் பூனையை வைத்துக்கொள்ளப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

காப்பகத்தைப் பற்றியும் எனக்கு நல்ல சொல் சொல்ல இயலவில்லை. அங்கே உள்ளவர்களின் மனத்தைக் குறை கூறவில்லை. மணிக்குத் தேவைப்படுவது பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. ஊசிக்கு முன் அவன் சாப்பிட்டானா என்று பார்க்க ஒரு கண். நூற்றுக்கணக்கான விலங்குகளைச் சில பணியாளர்கள் கவனிக்கும் இடத்தில் இவ்விரண்டும் நாள் தவறாமல் நடப்பது அரிது. போதாக்குறைக்கு, புதிய கூண்டில் நாய்க்குரைப்புக்கு நடுவே விடப்பட்ட பூனை பல நேரம் உணவைத் தொடாது. பயத்தினாலேயே அதன் சர்க்கரை ஏறும்.

ஆகவே, கொடுத்துவிடுவதா என்று முடிவு செய்யும் முன் ஒரு தாளை எடுத்து உண்மையான செலவை எழுதிப் பாருங்கள். இன்சுலின் என்ற சொல்லைக் கேட்டவுடனே பலரும் அதுதான் பெருஞ்செலவு என்று நினைத்துவிடுகிறார்கள். மனிதர்களுக்கான கிளார்ஜின் இன்சுலின்தான் பூனைகளுக்கும் பரவலாகப் பயன்படுகிறது. பெரும்பாலான பூனைகளுக்கு வேளைக்கு ஒரு யூனிட் என்ற அளவில்தான் மருத்துவர்கள் தொடங்குவார்கள். அப்படியானால் நாளுக்கு 2, மாதத்திற்கு 60 யூனிட். 3 மில்லி கார்ட்ரிட்ஜ் (சிறு மருந்துக் குப்பி) ஒன்றில் 300 யூனிட் இருக்கிறது. திறந்த 28 நாட்களில் அப்புறப்படுத்தச் சொல்கிறது அதன் மேலுறை. அந்த விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றி மீதியைக் கொட்டிவிட்டாலும் மாதம் ஒரு கார்ட்ரிட்ஜ், அதாவது நம் நாட்டுத் தயாரிப்பாக இருந்தால் சில நூறு ரூபாய். குளிர்பெட்டியில் வைத்த மருந்து தெளிவாக இருக்கும்வரை கூடுதல் காலம் பயன்படுத்தச் சில மருத்துவர்கள் அனுமதிப்பதும் உண்டு. உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

பணம் கரைவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று உணவு, மற்றொன்று, சர்க்கரையைப் பார்க்க மருத்துவமனைக்குப் போய் வரும் ஓயாத பயணம்.

உணவில் தேவைப்படுவது மாவுச்சத்துக் குறைவு, புரதம் மிகுதி என்ற ஒரே கொள்கைதான். இந்நோய்க்கென்று விற்கும் டப்பா அந்தக் கொள்கைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அது ஒன்றே வழி என்பதில்லை. சாதாரணக் கடையில் கிடைக்கும் ஈர உணவுப் பொட்டலங்களிலும் மாவுச்சத்துக் குறைந்தவை உண்டு. பொட்டலத்தின் பின்புறம் உள்ள புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் ஆகியவற்றின் விழுக்காட்டைக் கூட்டி 100இலிருந்து கழித்தால் மிஞ்சுவதே ஏறத்தாழ மாவுச்சத்து. குழம்புபோல் கெட்டியாக இருப்பவற்றில் மாவு சேர்த்திருப்பார்கள். அரைத்த இறைச்சிக் கட்டியாக வருபவற்றை முதலில் பாருங்கள். உலர் தீவனத்தை மாவு இல்லாமல் உருண்டை பிடிக்கவே முடியாது என்பதால் அதையும், மணிக்குப் பிரியமான தயிர்சோற்றையும் நிறுத்த வேண்டியிருக்கும்.

அன்றாட உணவில் ஒரு பகுதியை நீங்களே சமைக்கலாம். கோழி இறைச்சியை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, எலும்பை நீக்கி, வெந்த சாற்றோடு கொடுங்கள். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாத டாரின் என்னும் சத்து வேகும்போது சாற்றில் இறங்கிவிடுகிறது. அதைக் கொட்டிவிட்டால் பயனில்லை. கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழி இதயத்தில் இச்சத்து மிகுதி. ஆனால் வெறும் இறைச்சியில் சுண்ணாம்புச் சத்துப் போதாது. அதனால் வீட்டு உணவை மட்டுமே மாதக்கணக்கில் கொடுக்காமல், ஏறத்தாழப் பாதியாவது முழுச்சத்து உள்ள ஈர உணவாக இருக்கட்டும். மத்தி மீனை வாரம் ஓரிரு முறை வேகவைத்துக் கொடுக்கலாம், பச்சையாக வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது உணவில் மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் இன்சுலின் தேவையும் சட்டென்று குறையும். பழைய அளவே ஆபத்தாகிவிடும். மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டே உணவை மாற்றத் தொடங்குங்கள். இளைக்க வைக்கிறேன் என்று பட்டினியும் போடாதீர்கள். சில நாட்கள் உண்ணாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிரை எடுக்கும்.

மருத்துவமனைப் பயணங்களைக் குறைக்க வழி, வீட்டிலேயே சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர். மனிதர்களுக்கான கருவியே போதும். அது பூனை இரத்தத்தில் உண்மை அளவைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காது விளிம்பை வெதுவெதுப்பான துணியால் சிறிது நேரம் ஒற்றியபின் ஓரத்து இரத்தக் குழாயின் அருகே ஊசி முனையால் தொட்டால் ஒரு துளி வந்துவிடும். முதல் வாரம் இருவருக்கும் அழுகை வரும். அடுத்த வாரம் அவன் தூங்கிக்கொண்டே காதை நீட்டுவான். மருத்துவமனை மேசைமேல் நடுங்கும் பூனைக்கு அச்சத்தாலேயே 300ஐத் தாண்டிச் சர்க்கரை காட்டக்கூடும் என்பதால், வீட்டில் எடுத்த அளவுகள் எழுதிய நோட்டு மருத்துவருக்கு அதிகம் உதவும். முந்தைய ஓரிரு வாரங்களின் சராசரியைக் காட்டும் பிரக்டோசமைன் பரிசோதனையை அவர் தேவையான போது மட்டும் கேட்பார்.

ஊசியைப் பற்றி ஒன்று. நம் மருந்துக்கடைகளில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சுகள் உள்ளன. சிவப்பு மூடியிட்டது மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு. ஆரஞ்சு மூடியிட்டது மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு. கிளார்ஜின் 100 யூனிட் வகை. அதைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். என்னிடம் வலிப்போடு தூக்கிவரப்பட்ட பூனைகளுள் ஒன்றுக்கு நடந்தது இதுதான். கடைக்காரர் கொடுத்ததை அந்த வீட்டார் வாங்கிவந்திருந்தார்கள், அவ்வளவே. மூடியின் நிறத்தையும் குப்பியின் எண்ணையும் ஒவ்வொரு முறையும் பொருத்திப் பாருங்கள். பூனை சாப்பிடவில்லை என்றால் முழு அளவைப் போடாமல் மருத்துவரைத் தொலைபேசியில் கேளுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடாதீர்கள். போட்டோமா இல்லையா என்று ஐயம் வந்தாலும் போடாமல் இருப்பதே நல்லது. தள்ளாட்டம், வெறித்த பார்வை, நடுக்கம் தெரிந்தால் தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். நினைவிழந்த பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

"வாழ்நாள் முழுவதும்" என்ற சொல்தான் உங்களை அதிகம் கலங்கடித்திருக்கிறது என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. பூனைக்கு வருவது பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகைச் சர்க்கரையை ஒத்தது. நோய் தெரிந்த உடனே இன்சுலினைத் தொடங்கி, மாவுச்சத்தையும் குறைத்தால், கணிசமான பூனைகளுக்குச் சில மாதங்களில் ஊசியே தேவைப்படாத நிலை வருகிறது. எல்லாப் பூனைக்கும் வரும் என்று வாக்களிக்க முடியாது. வந்தபின் மறுபடி திரும்புவதும் உண்டு. ஆனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. மணிக்கு அரிப்புக்காகவோ வாய்ப்புண்ணுக்காகவோ நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டதா என்று பழைய சீட்டுகளைத் தேடிப் பாருங்கள். அது சர்க்கரையைக் கிளப்பிவிடும். காரணம் அதுவாக இருந்தால் மீள வழி இன்னும் தெளிவு. பல், ஈறு அழுகலும் சிறுநீர்த் தொற்றும் இன்சுலினை வேலை செய்யவிடாது. இவற்றையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

தனியார் கட்டணம் தாங்கவில்லை என்றால், தஞ்சைக்கு அப்பால் ஒரத்தநாட்டில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதல் பரிசோதனைகளை அங்கே குறைந்த செலவில் முடித்துக்கொண்டு, தொடர்ந்து பார்ப்பதை உள்ளூர் மருத்துவரிடம் வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதம் இப்படி நடத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் கை நடுக்கத்தாலோ பணத்தாலோ இயலவில்லை என்றால் கொடுத்துவிடுவது குற்றமில்லை. சர்க்கரை கட்டுக்குள் வந்த பூனையை ஏற்க ஆள் கிடைப்பதும் எளிது.

கேள்வி: நான் தனியாக வாழ்கிறேன்; பணி நிமித்தம் இரண்டு மாதத்தில் வளைகுடா நாட்டுக்குப் போக வேண்டும். ஏழு வயதுச் சர்க்கரைப் பூனையை வேறு நல்ல வீட்டில் ஒப்படைக்க விரும்புகிறேன். நோயைச் சொன்னால் யாரும் முன்வருவதில்லை. முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு சொல்லலாமா?
— வாசகர், மதுரை

பதில்: கூடாது. மறைத்துக் கொடுத்த பூனை இரண்டே நாளில் ஊசியின்றிப் படுத்துவிடும். இல்லையேல் உங்கள் வாசலுக்கே திரும்பி வரும், அப்போது நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள்.

நோயைச் சொல்வதில் தவறில்லை, சொல்லும் விதத்தில்தான் தவறு இருக்கிறது. "நோயுற்ற பூனை, இரக்கமுள்ளவர்கள் தேவை" என்று எழுதினால் அனைவரும் இரங்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "ஏழு வயது, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தது. மடியில் உட்காரும் சுபாவம். காலை ஏழு, இரவு ஏழு என இரண்டு சிறு ஊசி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் ஆகும். மாத மருந்துச் செலவு இவ்வளவு. முதல் மூன்று மாத மருந்தும் குளுக்கோமீட்டரும் நானே தருகிறேன். ஊசி போடக் கற்றுத்தருகிறேன்." மக்கள் அஞ்சுவது தெரியாத செலவுக்கும் தெரியாத வேலைக்கும்தான், இரண்டையும் எண்ணாக்கிக் காட்டினால் பாதி அச்சம் போய்விடும்.

யாரைத் தேடுவது என்பதும் முக்கியம். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால் ஊசியைக் கண்டு அவர்கள் மிரள மாட்டார்கள். ஓய்வு பெற்ற செவிலியர், மருந்தாளுநர், உங்கள் கால்நடை மருத்துவரிடம் முன்பு சர்க்கரைப் பூனையைக் காட்டிவந்து பின் அதை இழந்தவர்கள் ஆகியோரிடம் முதலில் கேளுங்கள். இரண்டு வேளையும் வீட்டில் ஆள் இருக்குமா என்பதை மாளிகையா குடிசையா என்பதற்கு முன்னால் பாருங்கள். ஒப்படைக்கும் முன் குறைந்தது ஐந்து முறை அவர்களே உங்கள் எதிரில் ஊசி போடட்டும். வீடு மாறிய முதல் வாரம் பூனை குறைவாகச் சாப்பிடும் என்பதால் அந்த வாரத்துக்கான அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். பயணத்துக்கு முந்தைய நாள் வரை வைத்திருந்து கொடுக்காதீர்கள். ஒரு மாதம் முன்பே கொடுத்துவிட்டு, ஒத்துவராவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ள நீங்கள் ஊரில் இருங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா சாப்பிடும் சர்க்கரை மாத்திரையில் பாதியை உடைத்துப் பூனைக்குக் கொடுக்கலாமா? ஊசிச் செலவு மிச்சமாகுமே. ஆவாரம்பூத் தண்ணீரும் கொடுத்து வருகிறோம்.
— வாசகி, திருநெல்வேலி

பதில்: கொடுக்காதீர்கள். மனிதர்கள் பரவலாகச் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையான மெட்பார்மின் பூனைகளுக்கு இன்சுலினுக்கு ஈடாக வேலை செய்வதில்லை. பெயர் "கிளிப்ளோசின்" என்று முடியும், வாய்வழி கொடுக்கும் மருந்து வகையில் பூனைகளுக்கென்றே செய்யப்பட்ட இரண்டு மருந்துகளை 2022 டிசம்பரிலும் 2023லும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது உண்மை. ஆனால் அவை வேறு நோய் இல்லாத, முன்பு இன்சுலின் போடப்படாத பூனைகளுக்கு மட்டுமே. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சோதித்தபின் கொடுத்து, சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே கீட்டோன் ஏறுகிறதா என்று கண்காணிக்க வேண்டும். தாத்தாவின் மாத்திரையைக் கண்ணளவில் உடைப்பது அதுவன்று. ஆவாரம்பூத் தண்ணீரால் பூனைக்கு ஒரு பயனும் இல்லை; அதைக் குடிக்க மறுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தையே பூனை ஒதுக்கிவிட்டால்தான் கேடு. கிண்ணத்தில் வெறும் தண்ணீரை வையுங்கள்.