பெட்டி வீட்டுக்கு முன் வராந்தா: கேட்டதும் சொன்னதும்

பழைய கான்கிரீட் வீட்டின் முன்னால் கிரில் வைத்து மூடிய வராந்தா எடுக்க நினைப்பவர்கள் கேட்டவை இவை. நான் கட்டட வேலையில் இருப்பவன். கையில் பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

சார், வாசலில் 10 அடி இடம் இருக்கு. 4 அடி வராந்தா போதும்கிறார் மேஸ்திரி.

செருப்பு விட 4 அடி போதும், உட்காரப் போதாது. ஒருவர் நாற்காலியில் காலை நீட்டியிருக்கும்போது இன்னொருவர் தாண்டிப் போகவேண்டாமா? உள்ளளவு 6 அடியாவது வேண்டும், 7 இருந்தால் நிம்மதி. ஆனால் முன்பக்கம் எவ்வளவு காலி இடம் விடவேண்டும் என்பது உங்கள் தெருவின் அகலத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் இருக்கிறது. கடைக்காலுக்கு வானம் தோண்டுவதற்கு முன்பே பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ கேட்டுவிடுங்கள்.

அண்ணே, பக்கத்து வீட்டில் வராந்தா சிலாப் சுவரோடு சேர்கிற இடத்தில் விரிசல் விட்டு ஒழுகுது. எங்களுக்கும் வருமா?

ஒட்டிக் கட்டினால் வரும். பழைய வீடு எப்போதோ அமர்ந்து அடங்கிவிட்டது; புதுக் கடைக்கால் இனிமேல்தான் அமரும். கரிசல் மண் என்றால் மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். இரண்டையும் கம்பி போட்டுப் பிணைத்தால் அந்த இழுப்பெல்லாம் பூச்சில் வெடிப்பாகத் தெரியும்.

வராந்தாவைத் தன் காலில் நிற்க விடுங்கள். வீட்டுப் பக்கத் தூண்களைச் சுவரிலிருந்து 2 அடி தள்ளி வைத்து, சிலாப்பை அங்கிருந்து சுவர்வரை நீட்டிக்கொள்ளலாம். பழைய கடைக்காலை ஒட்டி அதைவிட ஆழமாகத் தோண்டாதீர்கள். சிலாப்புக்கும் சுவருக்கும் நடுவே 1 அங்குலம் இடைவெளி விட்டு, சுவரில் காடி (நீளமான பள்ளம்) வெட்டித் தகடு சொருகி, அந்த இடைவெளியை மூடுகிற மாதிரி மடித்துவிடுங்கள். தகட்டைச் சுவர்ப் பக்கம் மட்டும் இறுக்கவேண்டும். இரண்டு பக்கமும் இறுக்கினால் அதுவும் கிழியும். சிலாப்பில் தண்ணீர் ஓடுகிற வாட்டம் தெருப் பக்கம்: 7 அடிக்கு 1 அங்குலம்.

இருக்கிற சன்ஷேடு மேலேயே சிலாப்பை உட்காரவைக்கலாம் என்று யாராவது சொன்னால், அவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தம்பி, வராந்தா வந்தா ஹால் இருட்டாயிடுமே?

ஆகும்மா, கொஞ்சம். ஹால் ஜன்னலுக்கு இனி வெளிச்சம் வராந்தா வழியாகத்தான் வரும். அதனால் கைப்பிடிச் சுவரை இரண்டரை அடியோடு நிறுத்தி, மேலே கிரிலும் கொசுவலையும் போடுங்கள். முழுக்கக் கண்ணாடி வேண்டவே வேண்டாம், நம் ஊர் வெயிலில் உள்ளே வெந்துபோகும். மேற்குப் பார்த்த வாசலா? கிரிலுக்கு வெளிப்புறம் மூங்கில் தட்டி கட்டுங்கள். உள்ளே கட்டினால் சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்திருக்கும்.

வீடு மொட்டையா இருக்கு சார். ஓட்டுச் சாய்ப்பு, உருண்டைத் தூண் எல்லாம் வச்சு அழகாக்கலாமா?

சாய்ப்பு நன்றாக இருக்கும், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 7 அடி அகலத்துக்கு 30 டிகிரி சாய்வு என்றால் 4 அடி ஏறும். சாய்ப்பின் கீழ் ஓரம் 7 அடி உயரத்தில் இருந்தால் சுவரில் 11 அடியில் போய் முட்டும். மேல்மாடி இல்லாத வீட்டில் அது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் இருக்கிற உயரம். உருண்டைத் தூண் எனக்குப் பிடிக்காது. தட்டையான வீட்டுக்கு முன் அது மாப்பிள்ளை வேஷம் போட்டமாதிரி நிற்கும். சதுரத் தூணே போதும். தூண்கள் வாசலையும் ஜன்னலையும் மறைக்காமல், அவற்றின் ஓரக்கோட்டில் வரட்டும். வீடு ஒழுங்காகத் தெரிய அதுதான் முக்கால்வாசி வேலை.

மீட்டர் பெட்டி கிரிலுக்கு உள்ளே போயிடுதே?

ரீடிங் எடுக்க வருகிறவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிவிடுவார். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து முதலிலேயே வெளியே மாற்றுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து நீங்களாகக் கழற்றாதீர்கள்.

தரை?

ஹாலைவிட ஒன்றரை அங்குலம் தாழ்வாக, வெளியே பார்த்த வாட்டத்தோடு. சாரல் உள்ளே ஏறாது. வழவழ டைல்ஸ் மட்டும் வேண்டாம், ஈரக்காலோடு வருகிற முதல் இடம் அது.