புட்டி டப்பாவைத் திறக்கவேண்டாம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தோட்டத்து லயங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், உங்கள் பழைய காருக்கு நீங்களே துரு சுரண்டிப் பெயிண்ட் அடித்ததாக ஒரு வரி வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதம். அப்பா விட்டுப்போன 1990 புரோட்டான் சாகா கார் எங்களிடம் இருக்கிறது. வெள்ளை நிறம். பின்சக்கர வளைவில் பெயிண்ட் கொப்புளித்துவிட்டது. சாமான் வைக்கும் பின் போனட்டின் தரையெல்லாம் துரு. கதவின் அடியில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. பட்டறையில் 3,000 ரிங்கிட் கேட்கிறார்கள், என் கையில் 300 இருக்கிறது. ஓட்டை, பள்ளம் அடைக்கும் புட்டியும் பைலாக்ஸ் ஸ்ப்ரே பெயிண்டும் வாங்கிவிட்டேன். தீபாவளிக்குள் முடியுமா?

வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தம்பி,

புட்டி டப்பாவை இன்னும் திறக்கவில்லையே? திறக்கவேண்டாம்.

முதலில், அப்பா பின் போனட்டில் என்ன ஏற்றினார் என்று அம்மாவிடம் கேளுங்கள். நம் பக்கத்தில் நாலு செம்பனை வைத்திருந்தவர்கள் காரில் உரமூட்டை ஏற்றாமல் இருந்ததில்லை. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. மூட்டை ஓரத்தில் சிந்தியது கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பால்மரக்காரர்கள் என்றால் கட்டிப்பால் சாக்கு, அதாவது உறைந்த ரப்பர் பால். அதிலிருந்து சொட்டும் தண்ணீரில் பாலை உறையவைத்த அமிலம் கலந்திருக்கும். இரண்டும் தகரத்தைத் தின்னும். கார்ப்பெட்டை உரித்துவிட்டு, தரையில் இருக்கும் ரப்பர் மூடிகளைக் கழற்றி, நல்ல தண்ணீர் விட்டு நாலைந்து தடவை கழுவுங்கள். நன்றாகக் காயட்டும். அதற்குப் பிறகுதான் சாண்ட்பேப்பர். உப்பு இருக்கும்போதே தேய்த்தால் அது துருக்குழிகளுக்குள் இன்னும் ஆழமாகப் போய் அடைந்துகொள்ளும்.

இனி என் கதை. என் காரின் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் ஓட்டை விழுந்தபோது பட்டறையில் கொடுத்துத்தான் அடைத்தேன். பளபளவென்று வந்தது. அடுத்த வருடமே அதே இடத்தில் ஒரு கொப்புளம். கட்டைவிரலால் அழுத்தினேன், அப்பளம்போல் நொறுங்கி விரல் உள்ளே போய்விட்டது. உள்ளே கறுப்பாக, ஈரமாக ஒரு உருண்டை. இழுத்துப் பிரித்தால் தமிழ்ப் பத்திரிகை! ஓட்டைக்குள் தாளைத் திணித்து, மேலே புட்டி பூசியிருக்கிறார்கள். கசங்கிய தாளில் யாரோ ஒருவருடைய நினைவஞ்சலி, பாதி முகம் மட்டும் தெரிந்தது. அந்தத் தாள் ஒரு வருடமாகத் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தகரத்துக்கு ஊட்டியிருக்கிறது. தாள் இல்லாவிட்டாலும் புட்டி தானே ஈரம் குடிக்கும். துருவுக்கு மேல் பூசினால் உள்ளே என்ன நடக்கிறது என்பதே தெரியாது, அவ்வளவுதான்.

உங்கள் கதவு ஏன் அடியில் ஓட்டையானது? மழைத்தண்ணீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், எல்லாக் கார்களிலும். அது வெளியே போகக் கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். தோட்டத்துச் செம்மண் அவற்றை அடைத்துவிடுகிறது. விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை உருவிக் குத்திவிடுங்கள். நாலு கதவுக்கும் ஐந்து நிமிடம். இதைச் செய்யாமல் எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் வீண்.

பிறகு ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் பாருங்கள். கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு, சீட் பெல்ட் போல்ட் இருக்கும் இடம், பின் சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடம். குத்தினால் உள்ளே இறங்குகிறதா? அப்படியானால் அது வீட்டு வேலை இல்லை, வெல்டிங்காரர் வேலை. உங்கள் 300 ரிங்கிட்டை அங்கே கொடுங்கள், சக்கர வளைவு அசிங்கமாகவே இருக்கட்டும். வெல்டிங் வைக்குமுன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

அடிப்பகுதி கெட்டியாக இருந்தால் சக்கர வளைவுக்கு வரலாம். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். 80 நம்பர் சாண்ட்பேப்பரில் வெறும் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, ஓரங்களை 180, 320 என்று மழுப்பிக்கொண்டே வாருங்கள். கண்ணை மூடி விரலால் தடவுங்கள். விரலுக்குப் படி தட்டினால் பெயிண்ட் காய்ந்ததும் கண்ணுக்கும் தட்டும். குழிக்குள் எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமருந்து. தடவினால் கறுத்துவிடும். பிறகு எப்பாக்ஸி ப்ரைமர், அதன்மேல் மெல்லிசாகப் புட்டி. இப்போது திறக்கலாம் டப்பாவை. தேய்த்து, மறுபடி ப்ரைமர், கடைசியில் பைலாக்ஸ். சாதாரணச் சாம்பல் ப்ரைமரோடு காரை மழையில் நிறுத்தாதீர்கள், அது தண்ணீரை உள்ளே விடும்.

ஐப்பசியில் நம் ஊரில் மதியத்துக்குமேல் வானத்தை நம்பமுடியாது. பனி காய்ந்தபின் காலையிலேயே அடித்துவிடுங்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் பெயிண்ட் காயும்போதே வெள்ளைப் புகைபோல் பூத்துவிடும். வெள்ளைக் காரில் அது தெரியாது என்று நினைக்காதீர்கள், பளபளப்பு செத்துப்போகும். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சநேரம் வைத்துக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக மூன்று நான்கு தடவை. முப்பது வருட வெயிலில் உங்கள் வெள்ளை பாலாடை நிறத்துக்கு வந்திருக்கும், அதனால் புது வெள்ளை திட்டாகத் தெரியும். நடுவில் நிறுத்தாமல் தகரம் மடியும் கோடுவரை அடித்தால் அவ்வளவாக உறுத்தாது. எப்படியும் திட்டாகிறதே, முழுக்காரையும் வேறு நிறமாக்கிவிடலாம் என்று மட்டும் தோன்றினால், சாலைப் போக்குவரத்து இலாகாவில் (ஜேபிஜே) போய்ப் பதியவேண்டியிருக்கும்.

தீபாவளிக்குள் பின் போனட்டும் கதவுத் துளைகளும் நிச்சயம் முடியும். சக்கர வளைவு மழையைப் பொறுத்தது. கதவு ஓட்டைக்கு ஒரு தகரத்துண்டு வைத்து ஒட்டவேண்டும், அதைத் தை மாதம் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை மேலே டேப் ஒட்டி மூடாதீர்கள், தண்ணீர் போக அது ஒரு வழி.

மூட்டையில் என்ன இருந்தது என்று அம்மா சொன்னதும் எழுதுங்கள்.