மாத்திரை படையலுக்குக் காத்திருக்காது

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். எனக்கு வயது 54. சுகர் வந்து 9 வருஷம், பிரஷர் 4 வருஷம். காலையில் கிளிமிபிரைடு 2 மி.கி. ஒன்று, காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500, பிரஷருக்கு அம்லோடிபின். வருஷம் முழுக்க ஒழுங்காகத்தான் இருக்கிறேன். தீபாவளியில் ஆரம்பித்துப் பொங்கல் முடிவதற்குள் எல்லாம் கலைந்துபோகிறது. போன பொங்கலுக்குப் பெரியவன் சென்னையிலிருந்தும், மகள் கோயம்புத்தூரிலிருந்தும், சின்னவன் சிங்கப்பூரிலிருந்தும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பெரும்பொங்கலன்று மூன்றரை மணிக்கு எழுந்தேன். மாத்திரையை மட்டும் மறக்கவில்லை, ஆறரைக்கே போட்டுக்கொண்டேன். பத்தரைக்குத்தான் நல்ல நேரம். பதினோரு மணிவாக்கில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, வாசல் அடுப்பு ஓரமாகவே உட்கார்ந்துவிட்டேன். அலைச்சல் என்று சொல்லி, சுகர் இருக்கே என்று சர்க்கரை போடாத காபி கொடுத்தார்கள். இன்னும் கண்ணைக் கட்டியது. பெரிய மருமகள்தான் வெல்லத்தை எடுத்து வாயில் வைத்தது. கொஞ்ச நேரத்தில் தெளிந்தேன். எல்லாரும் ஊருக்குப் போன பிறகு ரெண்டு வாரம் எதிலும் மனசு ஒட்டவில்லை. சோறு வடிக்கவே தோன்றாமல், மிஞ்சிய முறுக்கு, அதிரசத்தோடு நாளை ஓட்டினேன். மாத்திரையும் சில நாள் விட்டுப்போனது. அப்போது பார்த்த சுகர் 286. இந்த வருஷமும் எல்லாரும் வருகிறார்கள். அந்த நாலு நாளும் நோயாளி மாதிரி ஒதுங்கி உட்காரவும் மனமில்லை, விழுந்துவிடவும் கூடாது. என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், யார் யார் வந்தார்கள், நல்ல நேரம் எப்போது என்று எல்லாம் இருக்கிறது. அன்று காலை நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பது மட்டும் இல்லை. எழுத மறந்திருக்க மாட்டீர்கள். சாப்பிட்டிருக்கவே மாட்டீர்கள்.

பெரும்பொங்கலன்று உங்களைச் சாய்த்தது இனிப்பு இல்லை, அலைச்சலும் இல்லை. சுகர் இறங்கிப்போனதுதான். கிளிமிபிரைடு என்ற மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் இட்லி இருக்கிறதா, வெறும் காபிதானா என்று பார்த்து அது சுரக்க வைப்பதில்லை. ஆறரைக்குப் போட்ட மாத்திரை நேரத்துக்குத் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. நீங்களோ கோலம், குளியல், அரிசி களைவது, அடுப்பு மூட்டுவது என்று நாலரை மணி நேரம் உடம்பை அசைத்துக்கொண்டே இருந்தீர்கள். தசைகளும் தங்கள் பங்குக்குச் சர்க்கரையை இழுத்துக்கொண்டன. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசி கிள்ளும். இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், நினைவு தப்பும்.

நோன்பு மாதத்துக்கு முன்னால் கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கமிருந்து வரும் சுகர்காரர்கள், ‘சஹர், இஃப்தார் நேரத்துக்கு மாத்திரையை எப்படி மாற்றிக்கொள்வது?’ என்று கேட்டுக்கொண்டு போவார்கள். பொங்கலுக்கு முன்னால் அப்படிக் கேட்டு வருகிற அம்மாக்களை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. அன்று விரதம் இருக்கிறோம் என்றே நம் வீட்டுப் பெண்கள் நினைப்பதில்லை. படையல் முடியட்டும், பிள்ளைகள் சாப்பிடட்டும், மாப்பிள்ளை சாப்பிடட்டும், அறுப்பு மெஷின்காரருக்கு டிபன் போகட்டும் என்று தள்ளித் தள்ளி, பகல் பன்னிரண்டு வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நிற்பதற்கு நம் ஊரில் விரதம் என்று பெயர் கிடையாது. என் அம்மாவும் அப்படித்தான் நின்றார். எல்லாரும் எழுந்த பிறகு அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்தபடி, நின்றுகொண்டே சாப்பிடுவார். அவருக்கும் சுகர் இருந்தது. வைத்தியம் படித்துவிட்டு வந்த பிறகும் எனக்கு அது கண்ணில் படச் சில வருடங்கள் ஆயின. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எனவே இந்தப் பொங்கலுக்கு நான் உங்களிடம் முதலில் கேட்பது இனிப்புக் கட்டுப்பாடு இல்லை. காலைச் சாப்பாடு. மாத்திரையைக் கையில் எடுக்கும்போது பக்கத்தில் தட்டும் இருக்க வேண்டும். ஏழு மணிக்கு இரண்டு இட்லியும் கொஞ்சம் சாம்பாரும் போதும். சாமிக்குப் படைக்கும் முன் வாயில் வைக்க மனம் ஒப்பவில்லை என்றால் அதையும் நான் மதிக்கிறேன். அப்படியானால் கிளிமிபிரைடையும் படையலுக்குப் பின்னால், இலையில் உட்காரும்போதுதான் போட வேண்டும். முந்தின நாள் மாத்திரையின் வேகம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்பதால் அப்போதும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். அன்று ஒரு நாள் அளவைக் குறைக்கலாமா என்பதை உங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். போகிக்கு ஒரு வாரம் முன்பே மாத்திரைப் பட்டைகளை எடுத்துக்கொண்டு போய், போன வருஷம் நடந்ததைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். உங்களுக்கு ஒரு தடவை சுகர் இறங்கியிருக்கிறது என்ற செய்தியே அவர் மருந்தை மாற்றப் போதுமான காரணமாக இருக்கலாம். மெட்ஃபார்மினைப் பொறுத்தவரை, சாப்பாட்டோடு போட்டால் போதும். அது மட்டும் தனியாகச் சுகரை அதிகம் இறக்கிவிடாது.

சர்க்கரை போடாத காபி கொடுத்தவர்கள் மேல் வருத்தம் வேண்டாம். சுகர்காரருக்குச் சர்க்கரை ஆகாது என்றுதான் நாங்களே வருஷம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறோம். இந்த ஒரு நேரத்தில் மட்டும் சர்க்கரைதான் மருந்து. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். வெல்லமும் சரிதான், ஆனால் கரைத்துக் குடித்தால் சீக்கிரம் ஏறும். பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்து, வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே அளவு மறுபடியும். தெளிந்தவுடன் எழுந்து அடுப்புக்குப் போகக் கூடாது. இட்லியோ சோறோ சாப்பிட வேண்டும். கிளிமிபிரைடு நாள் முழுக்க வேலை செய்யும், அதனால் இரண்டாம் முறையும் இறங்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். சர்க்கரை கொடுத்தும் வேர்வை நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, நெஞ்சோ தாடையோ முதுகோ பிடிக்கிறது என்றாலும் 108தான். சுகர் உள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் வேர்வையும் அசதியுமாக வரலாம்.

இனி இனிப்புக்கு வருகிறேன். சர்க்கரைப் பொங்கலைத் தொடக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. நம் வயலில் விளைந்த புது அரிசி. இலையில் ஒரு கரண்டி வையுங்கள், ருசித்துச் சாப்பிடுங்கள், அன்று வெள்ளைச் சோற்றில் அதற்கு ஈடாகக் குறைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவரை, மொச்சை, பூசணி போட்ட கூட்டை நிறைய சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சுகர் மெதுவாக ஏறும். சர்க்கரைவள்ளியும் கருணையும் காய்க்கணக்கில் சேராது, சோற்றுக்கணக்கு. வெல்லம் வேறு, சர்க்கரை வேறு என்ற நம்பிக்கை நம் பக்கம் பலமாக இருக்கிறது. ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நாட்டுச்சர்க்கரை, பனைவெல்லம், கரும்பு எல்லாமே அப்படித்தான். சாப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் களத்துமேடு வரை நடந்துவிட்டு வாருங்கள். அந்தச் சின்ன நடை சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சுகரை நன்றாகவே குறைக்கும்.

உண்மையில் சுகரை ஏற்றுவது பண்டிகை நாள் இலை இல்லை. அடுத்த பத்து நாள் பாத்திரத்தில் மிஞ்சியது. சோற்றுப் பருக்கை கீழே விழுந்தால் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் ஊர் நம்முடையது. நெல் விளைவிக்கிறவர்களுக்குச் சோற்றைக் கொட்டக் கை வராது, வரவும் வேண்டாம். ஆனால் மிஞ்சியது எல்லாம் ஏன் வீட்டு அம்மாவின் வயிற்றுக்குள்ளேயே போய்ச் சேர வேண்டும்? பானையைச் சின்னதாக வையுங்கள். சின்னப் பானையும் பொங்கி வழியும், இன்னும் சீக்கிரமாகவே. முறுக்கு, அதிரசத்தை ஊருக்குப் போகிறவர்கள் பையில் கட்டிக் கொடுத்துவிடுங்கள். மீதியை அக்கம்பக்கத்துக்கும், அறுப்பு வேலைக்கு வந்தவர்களுக்கும். மாட்டுக்குக் கொட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பொங்கலும் சோறும் அதிகமாகத் தின்ற மாட்டுக்கு வயிற்றில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாவதை நம் பக்கத்துக் கால்நடை மருத்துவர்கள் தை மாதத்தில் பார்ப்பது உண்டு. மாட்டுப்பொங்கலன்று ஒரு கைப்பிடி போதும்.

பிரஷருக்கு: ஊறுகாய், அப்பளம், கரிநாளில் கருவாடு மூன்றும் ஒரே நாளில் வேண்டாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும்; இவை மூன்றும் சேர்ந்தால் அது எளிதில் தாண்டிப்போகும்.

நோயாளி மாதிரி ஒதுங்கி உட்கார மனமில்லை என்றீர்கள். உட்கார வேண்டாம். ஆனால் மூன்றரைக்கு எழுபவர் முந்தின இரவு பதினொன்றரை வரை பேசிக்கொண்டிருந்தால் நாலு மணி நேரம்தான் தூக்கம். தூக்கம் குறைந்தால் சுகரும் பிரஷரும் ஏறும், பசியும் தாறுமாறாகும். அந்த நாட்களில் மதியம் அரைமணி படுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு. சென்னையிலும் சிங்கப்பூரிலும் உங்கள் பிள்ளைகள் தங்கள் சட்டையைத் தாங்களே தேய்த்துப் போட்டுக்கொள்கிறவர்கள்தானே? போகிக்கு ஒட்டடை அடிப்பது, காய் நறுக்குவது, பரிமாறுவது எல்லாம் அவர்கள் கையில் வரட்டும். பானையில் அரிசி போடுவதும் பால் ஊற்றுவதும் உங்களுடையது. பரிமாறும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால்தான் நீங்கள் முதல் பந்தியில் உட்கார முடியும். இதை அவர்கள் வந்த பிறகு சொல்ல முடியாது, வாய் வராது. இப்போதே போனில் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அந்த இரண்டு வாரம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் வலித்த இடம் அதுதான். பன்னிரண்டு பேர் படுத்த கூடத்தில் மறுநாள் இரண்டு பாய் மட்டும் கிடந்தால் யாருக்குத்தான் சோறு வடிக்கத் தோன்றும்? 286-க்குக் காரணம் பொங்கல் இல்லை, அம்மா. பொங்கலுக்குப் பிந்தைய அந்த வெறுமைதான். அதில்தான் சமையல் நின்றது, மாத்திரை விட்டுப்போனது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள் நம் விவசாயிகள். அறுத்து முடித்த பிறகு தெளித்தால் ஈரம் போய்விடும். நீங்களும் அவர்கள் கிளம்புவதற்கு முன்பே மறுநாளைக்கு ஒன்றைத் தெளித்து வையுங்கள். தங்கை வீட்டுக்கு இரண்டு நாள், தோழியோடு கோயிலுக்கு, உளுந்து வயலில் உங்களுக்கென்று ஒரு வேலை, எதுவானாலும் சரி. முடிந்தால் மூவரும் ஒரே நாளில் கிளம்ப வேண்டாம் என்று கேளுங்கள். மகள் இரண்டு நாள் கூட இருக்கட்டும். மாத்திரையை எண்ணி, எந்த நாளுக்கு எது என்று டப்பாவில் பிரித்துவைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கிராமத்தில் மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கு வரும் ஊழியரிடம் அந்த வாரமே சுகரும் பிரஷரும் பார்த்துக்கொள்ளலாம்.

மனசு ஒட்டாத நிலை இந்த முறையும் இரண்டு வாரத்தைத் தாண்டினால், தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால், அதைத் தனிமை என்று சொல்லித் தாங்கிக்கொண்டிருக்க வேண்டாம். மனச்சோர்வு சுகர்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வரும், மருந்துக்கும் பேச்சுக்கும் நன்றாகக் கட்டுப்படும். திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கிளம்பிப் போக முடியாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இந்தப் பதிலை உங்கள் பெரிய மருமகளிடம் படிக்கக் கொடுங்கள். போன வருஷம் சரியானதைச் செய்தவர் அவர்தான். வெல்லமும் சர்க்கரையும் எந்த டப்பாவில் இருக்கிறது, குளுக்கோமீட்டர் எங்கே இருக்கிறது என்பதை அவருக்கும் சின்ன மருமகளுக்கும் போகியன்றே காட்டிவிடுங்கள்.