பிடித்த சாக்ஸபோன் கலைஞரை நேரில் கேட்டதுண்டா? பதிவில் கேட்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

கேட்டிருக்கிறேன். சேலத்தில், எங்கள் தெரு மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா மேடையில். சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்துப் பேர் பெற்ற கத்ரி கோபால்நாத் வழியில் வாசிப்பவர். கல்யாண வரவேற்புகளிலும் கோயில் விழாக்களிலும்தான் அவரைப் பார்க்க முடியும். அவருடைய சில பதிவுகள் என் போனில் இருந்தன. பஸ்ஸில் போகும்போதெல்லாம் கேட்பேன்.

அன்று சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை, அதாவது அலங்கார வண்டிகளின் ஊர்வலம். கூட்டமெல்லாம் அங்கே போய்விட, இங்கே பாதி நாற்காலி காலி. ஸ்பீக்கருக்கு நேராக இல்லாமல், மேடையை ஒட்டி, அவர் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். என்னைக் கேட்டால் வித்தியாசம் முக்கால்வாசி அந்த இடத்தில்தான் இருக்கிறது.

நாகஸ்வரத்தில் இருப்பது வெறும் துளைகள். விரலைப் பாதி எடுத்தும் ஊதுகிற முனையான சீவாளியில் காற்றைக் கூட்டிக் குறைத்தும் ஸ்வரத்தை வளைக்கலாம். சாக்ஸபோனில் துளையை மூடுவது விரல் இல்லை, விரல் அழுத்துகிற மூடி. அடால்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்று, ராணுவ பேண்டுகளுக்குப் போய்ச் சேர்ந்த கருவி அது. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனிப் படி. இதில் கமகம், அதாவது ஸ்வரத்தை வளைத்து அசைப்பது, எப்படி வரும் என்றுதான் தோன்றும்.

அவர் எடுத்ததோ தோடி! ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தோடு சேர்த்தே நினைக்கப்படும் ராகம். அதன் ‘க’ ஸ்வரமான காந்தாரம் அசைந்தபோது விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்; அவை பெரிதாக அசையவில்லை. கீழ்த்தாடைதான் அசைந்தது. உதட்டுப் பிடி தளர்ந்தால் ஸ்வரம் இறங்குகிறது, இறுகினால் ஏறுகிறது. போனில் எத்தனை தடவை கேட்டாலும் இது தெரியாது. மூடிகள் விழும் டப் டப் சத்தம், வரிக்கு நடுவே திருட்டுத்தனமாக இழுக்கும் மூச்சு, இதெல்லாமும் அங்கேதான் கேட்டது. தவில் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் வேறு, ஊதுமுனையில் பொருத்தும் மெல்லிய பட்டையான ரீடை வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டே தாளம் போட்டார்.

1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் கத்ரியைக் கேட்ட அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹேண்டி, தானும் மேடையேறி அவரோடு சேர்ந்து வாசித்தார் என்று படித்திருக்கிறேன். ஹேண்டியும் சாக்ஸபோன்காரர்தான், ஆனால் ஜாஸ் வாசிப்பவர். தன் கையில் இருக்கும் அதே கருவி இப்படி வளைந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

நடுவில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. வேறென்ன, ‘டூயட்’. 1994இல் வந்த அந்தப் படத்துக்குக் கத்ரி வாசித்ததிலிருந்து, தமிழ்நாட்டில் சாக்ஸபோனோடு மேடையேறும் யாரும் இந்தச் சீட்டுக்குத் தப்ப முடியாது. “அதெல்லாம் கடைசியில வாசிப்பாரு, கொஞ்சம் இருங்கப்பா” என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் அதட்டினார். ஆனால் இவர் உடனே வாசித்துவிட்டார். கைதட்டல் அதற்குத்தான் அதிகம். எனக்கு அது பதிவில் கேட்பது போலவே இருந்தது, சரி.

கல்யாண வரவேற்பில் கேட்கிற வாய்ப்பு வந்தால், பந்திக்குக் கூட்டம் எழுந்து போகும் நேரம் பார்த்து முன்வரிசைக்குப் போய்விடுங்கள். சீட்டு அனுப்ப ஆள் இல்லாத அந்த நேரத்தில்தான் அவர்கள் ராகம் வாசிப்பார்கள்.