இல்லாத காலில் வலி: மூன்று கேள்விகள்

கேள்வி: கையை எடுத்த பிறகும் அந்தக் கை வலிக்கும் என்பது பழைய செய்திதானே? நரம்பியல் விஞ்ஞானி ராமச்சந்திரன் புதிதாக என்ன கண்டுபிடித்தார்?

பதில்: வலி பழையதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்த வெயர் மிட்செலே அதைப் பற்றி எழுதிவிட்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜில் முனைவரான வி.எஸ். ராமச்சந்திரன், பல ஆண்டுகள் பார்வைப் புலனைத்தான் ஆராய்ந்தார். 1991-இல் டிம் பான்ஸ் குழுவின் குரங்கு ஆய்வு அவரைத் திருப்பியது. கையின் உணர்வு நரம்புகள் துண்டிக்கப்பட்டு 12 ஆண்டுகள் ஆன குரங்குகள் அவை. முகத்தைத் தொட்டால், மூளையில் கைக்குரிய பகுதி விழித்துக்கொண்டது. மூளையின் தொடுஉணர்வு வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம்.

மனிதரிலும் அப்படியா என்று பார்க்க ராமச்சந்திரனுக்குத் தேவைப்பட்டது பஞ்சுக் குச்சி ஒன்று. கை இழந்தவரின் கண்ணைக் கட்டிவிட்டுக் கன்னத்தைத் தொட்டால், இல்லாத விரல்களிலும் தொடுகை தெரிந்தது. 1992-இல் அதை வெளியிட்டார். அடுத்து வந்ததுதான் அவருடைய கண்ணாடிப் பெட்டி: நல்ல கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி, அது அசைவதாக மூளையை நம்பவைப்பது.

கேள்வி: சர்க்கரை நோயால் அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இல்லாத பாதம் முறுக்கிக்கொண்டு வலிக்கிறதாம். கண்ணாடிப் பயிற்சியை வீட்டில் செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் முதலில் தழும்பில் புண், சீழ், தொட்டாலே சுரீர் என்னும் நரம்பு முடிச்சு ஏதும் இல்லையென்று மருத்துவர் சொல்ல வேண்டும். அந்த வலிக்குக் கண்ணாடி மருந்தல்ல.

அப்பாவைக் கட்டிலில் சாய்ந்து உட்காரவைத்து, இரண்டு கால்களுக்கும் நடுவே நீளக் கண்ணாடியை நெட்டாக நிறுத்துங்கள். முகம் பார்க்கும் பக்கம் நல்ல காலை நோக்கி இருக்கட்டும். எடுத்த கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிட வேண்டும். இடுப்பிலிருந்து பாதம் வரை தெரியும் அளவு போதும். மெல்லிய பிளாஸ்டிக் கண்ணாடி வளைந்து பிம்பத்தைக் கோணலாக்கும், வேண்டாம். மெட்டி, கொலுசு, காலுறை எல்லாம் கழற்றிவிடுங்கள். நல்ல காலின் அடையாளம் எது தெரிந்தாலும் மூளை நம்பாது.

பலர் சறுக்குவது அடுத்த படியில். எடுத்தவுடன் காலை ஆட்டிவிடுகிறார்கள். இல்லாத பாதம் இப்போது எப்படி முறுக்கியிருப்பதாகத் தோன்றுகிறதோ, நல்ல பாதத்தையும் முதலில் அதே நிலையில் வைக்கச் சொல்லுங்கள். பிம்பமும் உணர்வும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்த பிறகு, பிம்பத்திலிருந்து கண்ணை எடுக்காமல், விரல்களை மெல்ல விரிப்பது, கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது. மனதால் இல்லாத காலையும் சேர்த்து அசைக்க வேண்டும். தினம் 15 நிமிடம், நான்கு வாரம். இல்லாத பாதம் முழங்காலுக்கே சுருங்கிவிட்டதுபோல் உணர்பவர்களுக்குப் பிம்பம் பொருந்துவது கடினம். அங்கே பிசியோதெரபிஸ்ட் கூட இருப்பது நல்லது. தலைசுற்றல் வந்தாலோ வலி கூடினாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். முழுக் காலைக் கண்டதும் அழுதுவிடுபவர்களும் உண்டு, பதறாதீர்கள்.

கேள்வி: ராமச்சந்திரனின் கருத்துகளை மற்ற விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்டார்களா?

பதில்: கருவியை ஏற்றார்கள், விளக்கத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். கண்ணாடிப் பெட்டி பற்றிய முதல் கட்டுரை 1995. அதே ஆண்டில் ஜெர்மனியின் ஹெர்டா ஃப்ளோர், மூளை வரைபடம் எவ்வளவு இடம்பெயர்கிறதோ அவ்வளவு வலி என்று காட்டினார். 2013-இல் தாமர் மாகின் குழு அதற்கு நேர்மாறாக, வலி கடுமையாக உள்ளவர்களிடம் கைக்குரிய பகுதி நன்றாகவே பிழைத்திருக்கிறது என்றது. விவாதம் இன்னும் தீரவில்லை.

சிகிச்சையின் பக்கம் 2007-இல் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை செய்த சோதனை முக்கியம். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டுச் செய்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. சிறிய சோதனைதான், ஆனாலும் அந்தத் துணி பெரிய யோசனை. ஆஸ்திரேலியாவின் லோரிமர் மோஸ்லி கண்ணாடியைக் கடைசிப் படியாக்கினார்: முதலில் படம் பார்த்து இடது வலது சொல்வது, பிறகு கற்பனையில் அசைப்பது, அதன் பின்பே கண்ணாடி. பக்கவாதத்துக்கும் இதே கண்ணாடியை 1999-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

ஆட்டிசத்துக்குக் காரணம் உடைந்த 'கண்ணாடி நியூரான்கள்' (பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் நாமே செய்வதுபோல் இயங்கும் மூளைச் செல்கள்) என்று ராமச்சந்திரன் சொன்னது மட்டும் பலத்த எதிர்ப்பைச் சந்தித்தது. அந்தக் கண்ணாடிக்கும் உங்கள் அப்பாவின் கட்டிலில் நிற்கும் கண்ணாடிக்கும் பெயரில்தான் உறவு.